பெரிய குட்டி மெதுவாக வளரட்டும்

வாசகர் கேள்விகள் – கால்நடை மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெரிய இன நாய்க்குட்டிகளைப் பற்றியவை. தோட்டத்துக் காவலுக்கென்று ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வீலர், கிரேட் டேன் போன்ற குட்டிகளை வாங்கி வளர்ப்பது நம் பக்கத்தில் பெருகியிருக்கிறது. வாங்குவோரின் அன்பில் குறையில்லை. ஆனால் சிறிய நாயை வளர்த்த பழக்கத்திலேயே பெரிய இனக் குட்டியையும் வளர்ப்பதால் வரும் கால் கோளாறுகளை என் மருத்துவமனையில் வாரந்தோறும் பார்க்கிறேன். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் பெரிய இன நாய்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

*எங்கள் தோட்டத்து வீட்டில் நான்கு மாத கிரேட் டேன் ஆண் குட்டி வளர்கிறது. கடையில் வாங்கும் குட்டித் தீவனத்தோடு காலையிலும் மாலையிலும் இரண்டு தேக்கரண்டி கால்சியம் டானிக் கொடுக்கிறோம். மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையிலும் ஒரு சிட்டிகை சேர்க்கிறோம். அப்படியும் முன்னங்கால்கள் வளைந்து, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்புகின்றன. கால்சியத்தை இன்னும் கூட்ட வேண்டுங்களா? – வாசகர், பெருந்துறை*

கூட்ட வேண்டாம் ஐயா. டானிக், தாது உப்பு இரண்டையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியவற்றில் மிக அவசரமானது இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாயின் கால் கொஞ்சம் வளைந்தாலே "சுண்ணாம்புச் சத்துப் பத்தலைங்க" என்று சொல்லிவிடுவது நம் ஊர் வழக்கம். இந்த எண்ணம் கட்டுத்தரையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. கன்று ஈன்ற மறுநாள், இரத்தத்தில் கால்சியம் குறைவதால் வரும் பால்காய்ச்சலில் படுத்துவிட்ட கறவை மாடு, மருத்துவர் வந்து இரத்த நாளத்தில் கால்சியம் ஏற்றிய சிறிது நேரத்திலேயே எழுந்து நிற்பதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குக் கால்சியத்தின் மேல் நம்பிக்கை வருவது இயல்பே. ஆனால் வளரும் நாய்க்குட்டியின் கணக்கு முற்றிலும் வேறு.

வளர்ந்த நாயின் குடல், தீவனத்தில் கால்சியம் மிகுந்திருந்தால் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். குட்டியின் குடலுக்கு ஏறத்தாழ ஆறு மாத வயது வரை அந்தத் திறன் முழுமையாக அமைவதில்லை. உள்ளே எவ்வளவு அதிகமாகப் போகிறதோ அவ்வளவு அதிகமாக இரத்தத்தில் சேரும். அப்படிச் சேர்ந்த மிகுதியைச் சமாளிக்க உடல் தன் சுரப்பிகளின் வேலையை மாற்றிக்கொள்கிறது. அதன் விளைவாக எலும்பு தேய்ந்து புதிதாக அமையும் இயல்பான வேலை மந்தப்படுகிறது. குருத்தெலும்பு உரிய காலத்தில் எலும்பாக மாறாமல் தடித்து நிற்கிறது. கிரேட் டேன் குட்டிகளை வைத்தே இதை ஆராய்ந்து உறுதி செய்திருக்கிறார்கள். பிறக்கும்போது அரைக் கிலோவை ஒட்டிய எடையிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் ஏறக்குறைய நூறு மடங்காகும் இனம் அது. அவ்வளவு வேகமாக வளரும் எலும்பில் சிறு பிசகும் பெரிதாகத் தெரியும்.

முன்னங்காலில் மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்புகள் இணையாக ஓடுகின்றன. பின்பக்க எலும்பின் கீழ்முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீண்டு வளரும் குருத்தெலும்புப் பகுதி, கூம்பு வடிவில் அமைந்திருப்பதால் எளிதில் பாதிக்கப்படும். அந்த எலும்பு வளராமல் பின்தங்க, முன்பக்க எலும்பு மட்டும் நீண்டுகொண்டே போனால், நாண் பூட்டிய வில்லைப் போல அது வளைந்துகொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பாதம் வெளிப்பக்கம் திரும்புவதன் காரணமும் அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் இதே நிலையில் ஒரு குட்டியைக் கொண்டுவந்தார்கள். மருத்துவமனையின் சிமெண்டுத் தரையில் நின்ற அதன் பாதங்கள் வாத்தின் பாதங்களைப் போல விரிந்திருந்தன. மணிக்கட்டுகள் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்து, தொட்டால் சூடாக இருந்தன. அழுத்தியவுடன் குட்டி முனகிக்கொண்டே என் கையை நக்கியது. உடன் வந்த பெரியவர் மஞ்சள் பையிலிருந்து மூன்று டானிக் புட்டிகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்து, "இத்தனையும் குடுத்தும் இப்படி ஆயிருச்சுங்களே" என்றார். அந்த மூன்றையும் நிறுத்தி, தீவனத்தை மாற்றி, வலிக்கு மருந்து கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து வந்தோம். ஒரு கால் நன்றாக நிமிர்ந்தது. மற்றொன்று கடைசிவரை சற்றுக் கோணலாகவே இருந்துவிட்டது. அந்தக் குட்டி இரண்டு மாதம் முன்னதாக வந்திருந்தால் இரு கால்களும் நிமிர்ந்திருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அதனால்தான் நீங்கள் தாமதிக்கக் கூடாது என்கிறேன். இந்த வாரத்திலேயே இரு முன்னங்கால்களுக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். வளைவு தொடக்க நிலையில் இருந்தால், உணவைச் சரிசெய்வதாலேயே பல குட்டிகள் தேறிவிடுகின்றன. வளர்ச்சித் தட்டு மூடிக்கொண்டிருந்தால் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். அதையும் வளர்ச்சி முடிவதற்குள் செய்தால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

தீவன மூட்டையில் "பெரிய இனக் குட்டிகளுக்கு" என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வளர்ந்தபின் சுமார் 32 கிலோவோ அதற்கு மேலோ எடை வரக்கூடிய இனங்களின் குட்டிகளுக்கு, ஈரம் நீக்கிய கணக்கில் தீவனத்தில் கால்சியம் 1.2 சதவீதத்துக்குக் குறையாமலும் 1.8 சதவீதத்தை மீறாமலும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் கூட்டமைப்பு வகுத்துள்ள வரையறை. உலகின் பல தீவன நிறுவனங்கள் இதையே பின்பற்றுகின்றன. அந்த அளவு மூட்டைக்குள்ளேயே இருக்கும்போது மேற்கொண்டு ஊற்றும் ஒவ்வொரு தேக்கரண்டியும் வரம்பைத் தாண்டித்தான் போகும். மாட்டுத் தாது உப்பு, ஒரு நாளைக்குப் பல லிட்டர் பால் கறக்கும் உடலுக்காகக் கலக்கப்பட்டது. சிட்டிகை அளவானாலும் அது குட்டிக்கு ஆகாது.

பெரிய இனக் குட்டியின் மணிக்கட்டு, இயல்பாகவே சற்றுப் பருத்துத்தான் தெரியும். கால் நேராக இருந்து, சூடோ வலியோ இல்லாமல், குட்டி நொண்டாமல் ஓடியாடினால் அந்தப் பருமனைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

*எங்கள் லாப்ரடார் பெண் குட்டிக்கு மூன்று மாதம் ஆகிறது. தீவனம் கட்டுப்படியாகவில்லை என்பதால் பால் சோறும், வாரத்தில் நான்கு நாள் எலும்பில்லாத கோழிக்கறியும் சோறும் போடுகிறோம். சீக்கிரம் பெரிதாக வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் அது கேட்கும் போதெல்லாம் போடுகிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எவ்வளவு கொடுக்க வேண்டும்? – வாசகி, கோபிசெட்டிபாளையம்*

அம்மா, பெருந்துறை வாசகருக்கு எழுதிய பதிலை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் குட்டிக்கு வரக்கூடிய ஆபத்து அதற்கு நேர்மாறானது. சோற்றில் கால்சியம் மிகக் குறைவு. எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ், கால்சியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. இவ்விரண்டை மட்டுமே தின்று வளரும் குட்டியின் உடல், இரத்தத்தில் கால்சியம் குறையாமல் காக்கத் தன் எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளத் தொடங்கும். எலும்பு நாளடைவில் மெலிந்து, கயிற்றுக் கட்டிலிலிருந்து குதித்ததற்கே முறிந்துபோன கால்களைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் விட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். மனிதர்களைப் போல வெயிலிலிருந்து தோலில் வைட்டமின் டி-யைத் தேவையான அளவு உண்டாக்கிக்கொள்ளும் திறன் நாய்க்கு இல்லை. அது உணவிலிருந்தே வர வேண்டும்.

அதற்காக நீங்களாக முட்டை ஓட்டைப் பொடித்துப் போடவும் வேண்டாம். ஒரு தேக்கரண்டி ஓட்டுப் பொடியில் ஏறத்தாழ இரண்டு கிராம் கால்சியம் இருக்கிறது. குத்துமதிப்பாகப் போட்டால் பற்றாக்குறையிலிருந்து மிகுதிக்குத் தாவிவிடுவோம். கால்சியமும் பாஸ்பரஸும் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவுக்கும் இரண்டுக்கு ஒன்று என்ற அளவுக்கும் இடையில் அமைய வேண்டும். முழுக்க வீட்டுச் சாப்பாட்டிலேயே வளர்ப்பதென்றால், குட்டியின் எடையைச் சொல்லி, எடைபோட்ட பொருள்களோடு கூடிய உணவுக் குறிப்பை ஒரு கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கி, மாதம் ஒருமுறை அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். இது முடியாத காரியமல்ல. ஆனால் கண்ணளவில் செய்யக்கூடியதும் அல்ல.

செலவு கருதி நான் வழக்கமாகச் சொல்லும் வழி ஒன்று உண்டு. முதல் ஓராண்டு, ஒன்றேகால் ஆண்டுக்கு மட்டுமாவது பெரிய இனக் குட்டித் தீவனத்தை முதன்மை உணவாக வைத்துக்கொள்ளுங்கள். நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கு வரை அவித்த முட்டை, வெந்த கோழிக்கறி, கொஞ்சம் தயிர் என்று வீட்டுப் பொருள்களைச் சேர்க்கலாம். பாலைச் செரிக்கும் நொதி வளர வளரக் குறைவதால் பல குட்டிகளுக்குப் பாலால் வயிற்றுப்போக்கு வரும். தயிரும் மோரும் அந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை. ராகிக் களி நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நாய்க்குப் போட்டு வந்த உணவு. தானியங்களில் கால்சியம் மிகுந்தது ராகிதான் என்பதும் உண்மை. ஆனாலும் குட்டியின் புரதத் தேவையை அது தனியாக ஈடுசெய்யாது என்பதால் அதை ஓரத்தில் வைத்துக்கொள்ளலாமே தவிர உணவின் மையமாக்கக் கூடாது. வெந்த கோழி எலும்பு, வெங்காயம் பூண்டு சேர்ந்த குழம்பு, பிரியாணி, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை எந்த அளவிலும் வேண்டாம்.

மூன்று மாதம் முடியும்வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன்பின் இரண்டு வேளை கொடுங்கள். தட்டை வைத்த கால்மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். நாளெல்லாம் தட்டு நிறைந்திருக்கும் வீட்டில்தான் குட்டிகள் அளவுக்கு மீறிப் பருக்கின்றன. எவ்வளவு என்பதற்கு மூட்டையில் உள்ள அட்டவணையைத் தொடக்கமாகக் கொண்டு, அதன்பின் உங்கள் கையை நம்புங்கள். கையை முட்டிபிடித்து, விரல் முட்டிகளின் மேல் மறுகையால் தடவிப் பாருங்கள். குட்டியின் விலாவைத் தொடும்போது அப்படித் துருத்தி இருந்தால் அது மெலிந்திருக்கிறது. முட்டிபிடித்த கையைத் திருப்பி, உள்ளங்கையின் சதைப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். விலா அப்படிப் புதைந்து கிடந்தால் கொழுப்பு ஏறியிருக்கிறது. விரல்களை நீட்டிய புறங்கையைத் தடவும்போது மெல்லிய தோலுக்கடியில் எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படுகின்றன அல்லவா, விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்று ஒடுங்கித் தெரிய வேண்டும். வாரம் ஒருமுறை, தேங்காய்ப் பருப்பு எடைபோடும் தராசிலாவது நிறுத்தி, எடையை நாட்காட்டியில் குறித்து வாருங்கள்.

சீக்கிரம் பெரிதாக வேண்டும் என்ற உங்கள் வீட்டாரின் ஆசைக்கு ஒரு செய்தியைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து ஆயுள் முழுதும் கவனித்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பாதி நாய்களுக்கு, மறுபாதி தின்றதைவிட 25 சதவீதம் குறைவாக அதே உணவைக் கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை சராசரியாக ஏறத்தாழ 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. அவற்றுக்கு மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது. குட்டி எவ்வளவு உயரம் வளர வேண்டும் என்பது பெற்றோரிடமிருந்து வந்த இயல்பு; அதிகம் போடுவதால் அந்த உயரத்தை அது முன்னதாக எட்டுமே தவிர, அதைத் தாண்டாது. முன்னதாக எட்டும் அந்தச் சில மாதங்களில், இன்னும் குருத்தாக இருக்கும் மூட்டுகளின்மேல் தாங்க முடியாத எடை ஏறிவிடுகிறது.

*ஆறு மாத ஜெர்மன் ஷெப்பர்டு ஆண் குட்டியைத் தினமும் அதிகாலையில் பைக்கின் பின்னால் மூன்று கிலோமீட்டர் ஓட விடுகிறேன். ஒரு வாரமாக நொண்டுகிறது. முதலில் இடது முன்னங்கால், இப்போது வலது பின்னங்கால். ஓடினால் சரியாகிவிடும் என்கிறார்கள். – வாசகர், பொள்ளாச்சி*

தயவுசெய்து பைக் ஓட்டத்தை உடனே நிறுத்துங்கள். தார்ச்சாலையில், தானாக நிற்கவும் இளைப்பாறவும் முடியாமல், ஒரே வேகத்தில் ஓட வேண்டிய கட்டாயம்தான் வளரும் மூட்டுக்கு மிகக் கெடுதலானது. குட்டி சலிக்காமல் பின்னால் வருகிறதே என்று நினைக்காதீர்கள். உங்கள் மேல் கொண்ட பற்றினால் அது வலியோடும் ஓடி வரும்.

வலி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுவது, ஐந்து மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை, குறிப்பாக ஆண் ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு வரும் எலும்பு அழற்சியாக இருக்க வாய்ப்புண்டு. ஓய்வும் வலி மருந்தும் கொடுத்தால் அது காலப்போக்கில் தானாகத் தணியும். ஆனால் இதே இனத்தில் இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் சரியாகப் பொருந்தாத பரம்பரைக் குறையும் மிகுதி என்பதால், எக்ஸ்ரே எடுக்காமல் இன்னதென்று முடிவு செய்ய முடியாது. உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வலி வந்து நொண்டும். ஆகவே இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளை வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். அவற்றுள் சில நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுத்துவிடும்.

ஓடவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக ஓடலாம், ஆனால் அது தன் விருப்பப்படி ஓட வேண்டும். நார்வே நாட்டில் லாப்ரடார், நியூஃபவுண்ட்லாந்து முதலிய நான்கு பெரிய இனங்களின் குட்டிகளைப் பிறந்தது முதல் கவனித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மூன்று மாத வயதுக்குள் தினமும் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. மென்மையான, சற்று மேடுபள்ளமான நிலத்தில் கட்டின்றித் திரிந்த குட்டிகளுக்கும், பண்ணைகளில் பிறந்த குட்டிகளுக்கும் அது குறைவாக இருந்தது. இதைப் படித்தபோது நம் தென்னந்தோப்புகள்தான் என் நினைவுக்கு வந்தன. உழுத மண்ணிலும் வரப்போரத்துப் புல்லிலும் குட்டி தானாக ஓடி, களைத்தவுடன் மட்டைக் குவியலின் நிழலில் படுத்துக்கொள்வதைவிடச் சிறந்த உடற்பயிற்சி வேறில்லை. அவ்வளவு பெரிய வாய்ப்பைக் காலடியில் வைத்துக்கொண்டு குட்டியைத் தார்ச்சாலைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

கயிற்றில் பிடித்து நடத்துவதற்கு, வயதின் ஒவ்வொரு மாதத்துக்கும் ஐந்து நிமிடம் என்று வளர்ப்பவர்களிடையே ஒரு கணக்கு வழங்குகிறது. அது ஆராய்ச்சியில் பிறந்த எண் அல்ல. இருந்தாலும் மிகை செய்யாமல் காப்பதால் நானும் அதைச் சொல்வதுண்டு. உங்கள் குட்டிக்கு, நொண்டல் முழுதும் நின்றபின், ஒரு நடைக்கு அரைமணி நேரம் போதும். மொட்டைமாடிப் படிகளில் தினமும் ஏற்றி இறக்குவது, பிக்கப் வண்டியிலிருந்து குதிக்க விடுவது, பந்தை உயரே வீசித் தாவ வைப்பது ஆகியவற்றை வளர்ச்சி முடியும்வரை தவிருங்கள். பெரிய இனங்களுக்கு வளர்ச்சித் தட்டுகள் மூட 12 முதல் 18 மாதமும், கிரேட் டேன் போன்ற மிகப்பெரிய இனங்களுக்கு 24 மாதம் வரையும் ஆகலாம். அதன்பின் எக்ஸ்ரே பார்த்து, ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

வீட்டுக்குள் வழவழப்பான டைல்ஸ் தரையில் குட்டி எழும்போது பின்னங்கால்கள் இரண்டும் பக்கத்துக்கொன்றாக வழுக்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அது படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்த் தட்டு வரைக்கும் உங்கள் ஊரிலேயே கிடைக்கும் தென்னை நார் விரிப்பைப் போட்டுவிடுங்கள்.

*முந்தைய ராட்வீலர் குட்டி பார்வோ வந்து இறந்துவிட்டது. அதே வீட்டில் புதிய குட்டியை எப்போது கொண்டுவரலாம்? – வாசகி, திருப்பூர்*

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் அம்மா. பார்வோ என்பது குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நச்சுயிரி. 1978 வாக்கில் உலகெங்கும் திடீரெனப் பரவிய இது, மண்ணில் மாதக்கணக்கில், சாதகமான இடங்களில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும்; ராட்வீலர், டாபர்மேன் இனங்களை அது மிகக் கடுமையாகத் தாக்குகிறது. சாதாரண பினாயிலை இதற்கு நம்ப முடியாது. சலவைக்குப் பயன்படும் ஹைப்போகுளோரைட் பிளீச்சிங் திரவத்தை ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, முதலில் நன்றாகக் கழுவிய சிமெண்டுத் தரை, தட்டு, கூண்டு ஆகியவற்றில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். மண் தரையை அப்படிச் சுத்தம் செய்ய இயலாது. படுக்கை, கயிறு, பொம்மைகளை எரித்துவிடுவதே நல்லது.

ஓராண்டு பொறுப்பது சிறந்தது. அதற்குள் வளர்க்க விரும்பினால், தடுப்பூசித் தொடர் முழுவதும் முடிந்த நாயாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள். முழுவதும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தாய்ப்பாலின் வழியே வந்த எதிர்ப்பு ஆற்றல் குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசியை அது வேலை செய்ய விடாது. அந்த ஆற்றல் எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஆகவேதான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் போட்டு, கடைசி ஊசியைப் பதினாறு வாரம் நிறைந்தபின் போட வேண்டும் என்கிறோம். இரண்டு ஊசியோடு நிறுத்திவிட்ட குட்டிகள்தான் பெரும்பாலும் பார்வோவுடன் எங்களிடம் வருகின்றன. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டு, மருத்துவர் குறிக்கும் தேதியில் மறு ஊசியும் போட வேண்டும். எலி நடமாடும் களஞ்சியமும் தேங்கிய நீரும் உள்ள தோட்டமாக இருந்தால், லெப்டோ என்னும் எலிக்காய்ச்சலுக்கான ஊசியையும் கேட்டுப் போடுங்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்; விற்பதே விதிக்குப் புறம்பானது.

குடற்புழு மருந்தை மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும், அன்றைய எடைக்கேற்பக் கொடுங்கள். பெரிய இனக் குட்டியின் எடை வாரத்துக்கு வாரம் ஏறுவதால், போன மாத அளவு இந்த மாதம் போதாது.

*குட்டியின் காதில் உண்ணி நிறைய இருக்கிறது. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டலாமா? – வாசகர், காங்கேயம்*

கூடாது. அந்த மருந்துகள் செறிவு மிக்கவை. கலக்கும் அளவு சற்றுத் தவறினாலும், குட்டி தன் உடலை நக்குவதால் உள்ளே போய், வாயில் நுரை தள்ளி வலிப்பு வந்துவிடும். எடைக்கேற்ற நாய் உண்ணி மருந்தை மருத்துவரிடம் வாங்கிப் பயன்படுத்துங்கள். நாயின் மேல் இருக்கும் பழுப்பு உண்ணி, மாட்டு உண்ணியிலிருந்து வேறானது. அது இரத்தம் குடித்தபின் இறங்கிப்போய்ச் சுவர் வெடிப்பிலும், ஓட்டுக்கூரை இடுக்கிலும், கட்டிலின் கயிற்று முடிச்சிலும் முட்டையிடுவதால், நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. குட்டி படுக்கும் இடத்துச் சுவரின் வெடிப்புகளைச் சிமெண்டு பூசி அடைத்துவிடுங்கள்.

குட்டி உண்ணாமல் சோர்ந்து, உடல் சுட்டு, ஈறு வெளுத்து, அல்லது மூக்கில் இரத்தம் வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணிக் காய்ச்சல் என்று உறுதியாகி மாத்திரை எழுதித் தந்தால், சில வகைகளுக்கு அது நான்கு வாரம் வரை நீளும். மூன்றாம் நாளே குட்டி துள்ளி விளையாடத் தொடங்கிவிடும். அதைப் பார்த்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

*கரூர் வெயிலில் பத்து மாத செயின்ட் பெர்னார்டை எப்படிக் காப்பது? – வாசகர், கரூர்*

பனிமலை இனத்தை நம் சித்திரை வெயிலில் வளர்ப்பதை நான் ஊக்குவிப்பதில்லை; ஆனால் வந்துவிட்ட உயிரைக் காப்பது நம் கடமை. காலை ஏழு மணிக்குள்ளும் மாலை ஆறு மணிக்கு மேலும் மட்டுமே நடத்துங்கள். சாலையில் உங்கள் புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்தையும் வைக்கக் கூடாது. தகரக் கொட்டகையில் கட்டவே கட்டாதீர்கள். மூச்சு இரைத்து, எச்சில் ஒழுகி, தள்ளாடினால் வெப்பத்தாக்கு என்று கொள்ளுங்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுதும் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, பிறகு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி மூடினால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். முடியை மழித்துவிடவும் வேண்டாம். சீப்பால் வாரி உதிர்முடியை எடுத்தால் போதும்.

*ஏழு மாத லாப்ரடார் பெண் குட்டிக்குக் கருத்தடை செய்யச் சொல்கிறார்கள். இப்போதே செய்யலாமா? – வாசகி, கோயம்புத்தூர்*

வீட்டில் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள முடியுமானால் ஓராண்டு நிறையும்வரை பொறுங்கள். வளர்ச்சித் தட்டுகள் மூடுவதில் பாலுறுப்புச் சுரப்புகளுக்குப் பங்குண்டு. மிக இளமையில் அவற்றை அகற்றினால் எலும்பு கூடுதலாக நீண்டு மூட்டின் அமைப்பு மாறலாம். தெருநாய்கள் நுழையும் இடமாக இருந்தால், எதிர்பாராத சினையைவிட முன்னதாகச் செய்வதே மேல். நேரில் பார்க்கும் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

*பெரிய நாய்க்குத் தட்டை உயரமான முக்காலியில் வைக்க வேண்டுமா? கிரேட் டேன்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், நாமக்கல்*

உண்மைதான். ஆழமான மார்புடைய இனங்களில் வயிறு காற்றடைத்து வீங்கி, தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். அப்போது இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும். வளர்ந்த நாய்களிடம்தான் இது மிகுதி என்றாலும், பழக்கங்களைக் குட்டியிலேயே அமைத்துக்கொள்ள வேண்டும். உயர்த்தி வைத்த தட்டு இதைத் தடுக்கும் என்று முன்பு நம்பினார்கள். பெரிய இனங்களை ஆராய்ந்தபோது ஆபத்து கூடியே காணப்பட்டது. ஆகவே தட்டு தரையிலேயே இருக்கட்டும். நாள் முழுவதற்குமான உணவை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். அள்ளி விழுங்கும் நாயாக இருந்தால் தட்டின் நடுவே கழுவிய பெரிய உருண்டைக் கல் ஒன்றை வைத்தால் அதைச் சுற்றி மெதுவாகத் தின்னும். கல் அதன் வாய்க்குள் நுழையாத அளவில் இருக்க வேண்டும். தின்றபின் ஒரு மணி நேரமாவது ஓட விடாதீர்கள்.

வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் வெறும் நுரை மட்டும் வருவது, நிலைகொள்ளாமல் எழுந்தும் படுத்தும் தவிப்பது, விலாவுக்குப் பின்னால் வயிறு தம்பட்டம் போல இறுகுவது, இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் ஓம நீரோ சோடாவோ கொடுத்துப் பார்த்துக்கொண்டிராமல், இரவு இரண்டு மணியானாலும் புறப்பட்டுவிடுங்கள். அறுவைச் சிகிச்சை வசதி உள்ள இடமாகப் பார்த்துப் போக வேண்டும். உங்கள் ஊரிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரவில் எந்த மருத்துவமனை இயங்குகிறது என்பதை இன்றே விசாரித்து, அந்தத் தொலைபேசி எண்ணைக் குட்டியின் தடுப்பூசி அட்டையின் பின்புறம் எழுதி வையுங்கள்.